திருநங்கைக்கும் ஒரு தறி

சின்ன காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டில் பட்டறை என்று தனியாக ஒன்று கிடையாது. வாசலைத் தாண்டியதும் குழித்தறி. அதை ஒட்டியே பாய், அடுப்பு, பிள்ளைகளின் புத்தகப் பை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று வரும் கோர்வைச் சேலைக்கு ஒரு ஆள் போதாது. நெய்பவர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிக்க, பக்கத்தில் இன்னொருவர் கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். உடல் இழையும் கரை இழையும் ஒவ்வொரு ஊடைக்கும் ஒன்றையொன்று கொக்கி போல மாட்டிக்கொள்ளும். அங்கே கை பிசகினால் சேலையில் பிசிறு தெரிந்துவிடும். பக்கத்தில் உட்காரும் அந்த இன்னொருவர் பெரும்பாலும் மனைவி, தம்பி, மகள் என்று வீட்டு ஆளாகவே இருப்பார். தொழில் கைமாறுவதும் இப்படித்தான். கூட உட்கார்ந்திருப்பதே படிப்பு.

இப்படிப்பட்ட வீட்டில் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று தன்னைப் பெண்ணாக உணர்வதாகச் சொல்லி, அடியும் வசவும் வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு வீடு போகும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு வீட்டோடு தொழிலும் போய்விடும். திருநங்கைகளின் வேலைவாய்ப்பைப் பற்றி எத்தனையோ கருத்தரங்குகள் நடக்கின்றன. இந்த இழப்பு அங்கே கணக்கில் வருவதில்லை. ‘திறமை இருந்தால் முன்னுக்கு வரலாம்’ என்று மேடையில் சொல்வது சுலபம். திறமையை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டுமே!

திருநங்கையான பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜுக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். மதுரையில் பிறந்து, வீட்டில் இடமில்லாமல் போன அவர், 1980களில் தோழி சக்தியோடு தஞ்சாவூர் கே.பி. கிட்டப்பா பிள்ளையிடம் போய் நின்றார். தஞ்சை நால்வர் வழிவந்த நட்டுவனார் அவர். உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. காத்திருக்க வைத்துத்தான் சேர்த்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு, 1999இல் மறையும் வரை ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தார். ‘நர்த்தகி’ என்ற பெயரை வைத்தவரும் அவரே. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு உதவியாளராகவும் நர்த்தகி இருந்தார். கலைமாமணி 2007இல் வந்தது. சங்கீத நாடக அகாதெமி விருது, 2019இல் பத்மஸ்ரீ, 2021இல் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினர் பதவி என்று மற்றவை பின்னால் வந்தன. செய்திகள் விருதுப் பட்டியலோடு நின்றுவிடுகின்றன. அந்தப் பதினைந்து ஆண்டுப் பாடம் இல்லாமல் பட்டியலில் ஒன்றுகூட வந்திருக்காது.

நர்த்தகியின் தனி முத்திரை நாயகி பாவம். காஞ்சிக்காரர்களுக்கு இது புதிதல்ல. வரதராஜப் பெருமாள் புறப்பாட்டில் திவ்வியப் பிரபந்தம் ஓதும் கோஷ்டி சின்ன காஞ்சிபுரத்து வீதிகளில் நூற்றாண்டுகளாக நடந்துவருகிறது. அதில் நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் மாறி, பெண் குரலில் பாடிய பாசுரங்கள் உண்டு. ஓர் ஆணின் உள்ளே இருந்து பெண் குரல் எழுவதைக் கைகூப்பிக் கேட்கும் வீதி அது. அதே வீதியில் திருநங்கை ஒருவர் வாடகைக்கு வீடு கேட்டால் என்ன பதில் வரும் என்பது ஊருக்கே தெரியும்.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் பின்தங்கிய மாநிலம் என்று சொல்லிவிட முடியாது. நாட்டிலேயே முன்னோடியாக 2008 ஏப்ரலில் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது நாம்தான். ஏப்ரல் 15ஐத் திருநங்கையர் நாளாகக் கொண்டாடுகிறோம். மூன்றாம் பாலினத்தவரின் உரிமையை உச்ச நீதிமன்றம் அங்கீகரித்த ‘நால்சா’ தீர்ப்பு 2014இல் வந்ததும் அதே தேதியில்தான். வாரிய அட்டை, ஓய்வூதியம், நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம், சுயதொழிலுக்கு மானியம் எல்லாம் இருக்கின்றன.

எழுத்திலும் திரையிலும் கதை இன்னும் வளமானது. ‘நான் வித்யா’வில் லிவிங் ஸ்மைல் வித்யா தன் வாழ்க்கையைத் தானே எழுதினார். அது கன்னடத்தில் படமாகி, அதில் நடித்த சஞ்சாரி விஜய் தேசிய விருது பெற்றார். ரோஸ் வெங்கடேசன் 2008இலேயே விஜய் டி.வி.யில் ‘இப்படிக்கு ரோஸ்’ நிகழ்ச்சியை நடத்தினார். கோவை பத்மினி பிரகாஷ் 2014இல் தொலைக்காட்சியில் செய்தி வாசித்தார். நாமக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து புறப்பட்ட அ. ரேவதியின் பெயர் 2019இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்தின் முகப்பில், டோனி மாரிசன், மாயா ஏஞ்சலோ போன்றோரின் பெயர்களோடு பதாகையில் தொங்கியது. நம் ஊர்க் கிளை நூலகங்களில் அவர் எழுதிய ‘வெள்ளை மொழி’ எத்தனை அலமாரிகளில் இருக்கும் என்று கேட்டால் சங்கடமாகத்தான் இருக்கும்.

ஆனால், ‘முதல் திருநங்கை’ என்று தொடங்கும் தலைப்புச் செய்திகள் ஒரு வகையில் ஏமாற்றுகின்றன. சேலத்துப் பிரித்திகா யாஷினியின் கதையைப் பாருங்கள். காவல் உதவி ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பித்தார். படிவத்தில் அவருக்கான கட்டமே இல்லை என்று நிராகரித்தார்கள். எழுத்துத் தேர்வுக்கு வழக்கு, உடல் தகுதித் தேர்வுக்கு வழக்கு என்று படிக்குப் படி உயர் நீதிமன்றம் ஏறினார். தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் அமர்வு 2015 நவம்பரில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. 2017இல் தருமபுரியில் பொறுப்பேற்றார். 2018இல் சத்யஸ்ரீ ஷர்மிளா வழக்கறிஞராகப் பதிவு செய்தார். 2022இல் வேலூர் மாநகராட்சிக்கு கங்கா கவுன்சிலராகத் தேர்வானார். ஒவ்வொன்றும் பெருமைதான். ஆனால் ஒரு கட்டத்தை டிக் செய்வதற்கு உயர் நீதிமன்றம் வரை போகும் தெம்பு எத்தனை பேருக்கு இருக்கும்? முதலாமவர் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனார். இரண்டாமவருக்காவது கதவு திறந்திருக்க வேண்டாமா?

வேலை கொடுத்துவிட்டால் முடிந்தது என்பதும் பாதிக் கதைதான். கொச்சி மெட்ரோ 2017இல் இருபதுக்கும் மேற்பட்ட திருநர்களை வேலைக்கு எடுத்தது. உலகப் பத்திரிகைகளெல்லாம் பாராட்டின. சில நாட்களிலேயே அவர்களில் பலர் வேலையை விட்டார்கள். வேலை பிடிக்காமல் அல்ல, நகரத்தில் யாரும் வாடகைக்கு வீடு தராததால். கையில் பணி ஆணை இருந்தது, ராத்திரி படுக்க இடம் இல்லை. கோவை ஆர்.எஸ்.புரத்தில் 2020 செப்டம்பரில் திருநங்கைகள் சேர்ந்து ‘டிரான்ஸ் கிச்சன்’ என்ற உணவகத்தைத் திறந்தார்கள். அதை முன்னின்று நடத்திய சங்கீதா அடுத்த மாதமே கொலை செய்யப்பட்டார். தொழில் தொடங்க மானியம் தருகிற அரசு, தொழில் நடத்துகிறவர் பத்திரமாக வாழ்வதற்கும் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டு தோல்விகளையும் தாண்டி நிற்கும் முயற்சி ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் மந்தித்தோப்பு. அங்கே வீட்டுமனை, வீடு, கறவை மாடு வாங்கக் கடன் என்று எல்லாம் சேர்ந்து வந்தன. 2020இல் திருநங்கைகளுக்கென்றே பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. அப்போதைய ஆட்சியர் சந்தீப் நந்தூரி நிர்வாகத்தின் பக்கம் நின்றார். தூத்துக்குடி மாவட்டத்துப் போராளி கிரேஸ் பானு சமூகத்தின் பக்கம் நின்றார். பாலில் கொழுப்பும் சத்தும் எவ்வளவு என்று அளந்து சங்கம் காசு கொடுக்கிறது. கறந்தவர் யார் என்பது அந்தக் கணக்கில் வராது. மாட்டுக்கொட்டகையும் வீடும் அடுத்தடுத்து இருப்பதால் வேலைக்குப் போய் வரும் வழியில் கேலி இல்லை, வீட்டுக்காரரின் தயவு இல்லை.

காஞ்சிபுரம் செய்ய வேண்டியதும் இதைத்தான். கூட்டுறவை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காமாட்சியம்மன், முருகன், அண்ணா என்று பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் பலகைகள் தெருவுக்குத் தெரு தொங்குகின்றன. பாவும் ஊடைப் பட்டும் ஜரிகையும் எடை போட்டுக் கொடுப்பதும், நெய்த சேலையைப் பிரித்துப் பார்த்து வாங்கிக்கொண்டு கூலி தருவதும் பல தலைமுறைப் பழக்கம். கீழ்க்கதிர்ப்பூரில் அறிஞர் அண்ணா பெயரில் பட்டுப் பூங்காவும் உண்டு. திருநர்களுக்கென்று ஒரு நெசவாளர் சங்கத்தைப் பதிவு செய்து, சில தறிகளும் பக்கத்திலேயே குடியிருப்பும் ஒதுக்கி, நெசவு தெரிந்த மூத்தவர்களைச் சம்பளம் கொடுத்துப் பயிற்றுநர்களாக உட்காரவைக்கலாம். அந்த மூத்தவர்களே இதில் முக்கியம். பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறிப் போய்விட, கோர்வைக்கும் முந்தானையை இணைக்கும் பேட்னிக்கும் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை என்று அவர்கள் புலம்பி எத்தனையோ வருடம் ஆகிறது. கற்றுக்கொள்ள ஆள் இல்லை என்கிற தொழிலும், கற்றுக்கொடுக்க ஆள் இல்லாத மனிதர்களும் ஒரே ஊரில் இருக்கிறார்கள்.

1953இல் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்று, நெசவாளர் துயரத்தை அரசியல் பிரச்சினையாக்கியவர் அண்ணா. அவர் பெயரைத் தாங்கிய பூங்காவில் இப்படி ஒரு சங்கம் அமைவது பொருத்தமாகத்தான் இருக்கும்.

எதிர்ப்பு எப்படி வரும் என்பதும் தெரிந்ததே. நெசவுக் கூலியே கட்டுப்படியாகவில்லை, சொந்தப் பிள்ளைகளே ஓடுகிறார்கள், நொடிந்துபோன தொழிலில் இவர்களைத் தள்ளுவதா என்பார்கள். நியாயமான கேள்வி. பத்துப் பதினைந்து நாள் உட்கார்ந்து நெய்கிற சேலைக்குக் கிடைக்கும் கூலி, விசைத்தறிப் போலிகளோடு மோதித்தான் நிற்கிறது. அதனால் நெசவு மட்டும் போதாது. ஜக்கார்டு டிசைன், சாயம், கடை, இணைய விற்பனை எல்லாம் அந்தச் சங்கத்தின் கையிலேயே இருக்க வேண்டும். லாபம் எப்போதும் நெய்கிறவரிடம் தங்காமல் விற்கிறவரிடம் தங்குவதைக் காஞ்சியில் விளக்கத் தேவையில்லை.

தறி எல்லோருக்கும் ஒத்துவராது என்பதும் உண்மை. அரசு வேலையை எதிர்பார்ப்பவர்களுக்கு இடஒதுக்கீடு வேண்டும். 2015இல் தமிழக அரசு திருநர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. சாதி வேறு, பாலினம் வேறு. பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கையை எம்.பி.சி.யில் எப்படி வைப்பது என்று கிரேஸ் பானு போன்றவர்கள் அப்போதிருந்தே கேட்கிறார்கள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் திருநர்களுக்கு ஒரு பங்கு என்பதே அவர்கள் கோரிக்கை. கர்நாடகம் 2021இலேயே அரசுப் பணிகளில் அப்படி ஒரு சதவீதம் கொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூனில், ரக்‌ஷிகா ராஜ் வழக்கில், பாலினத்தைச் சாதியாகக் கருதிய அந்த அரசாணை செல்லாது என்று சொல்லி, ஒரு சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு உத்தரவிட்டது. முதலில் நல வாரியம் அமைத்த மாநிலம், இதில் அண்டை மாநிலத்துக்குப் பின்னால் வரிசையில் நின்றதற்குச் சமாதானம் எதுவும் எடுபடாது.

தங்களை ஆணாக உணரும் திருநம்பிகளை இந்தப் பேச்சில் எல்லோருமே மறந்துவிடுகிறோம். திருநங்கை வீட்டை விட்டுத் துரத்தப்படுகிறார் என்றால், திருநம்பி பல நேரம் வீட்டுக்குள்ளேயே பூட்டப்பட்டு, கல்யாணம் செய்து வைக்கப்படுகிறார். மந்தித்தோப்பு போன்ற முயற்சிகளில் அவர்களுக்கும் இடம் இருக்க வேண்டும்.

இனித் தனியார் கம்பெனிகள். காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய முதலாளி இன்று பட்டு அல்ல, செல்போனும் காரும்தான். வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய மகளிர் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதில் 18,720 பெண்கள் தங்கலாம். கொச்சியில் பலர் வேலையை விடக் காரணமாக இருந்த படுக்கை இடம், இங்கே கட்டி முடித்து நிற்கிறது. அந்த விடுதியில் ஒரு திருநங்கைத் தொழிலாளி இடம் கேட்டால் என்ன செய்வது என்பதற்கு, யாராவது வழக்குப் போடும் வரை காத்திருக்காமல், மாவட்ட நிர்வாகமும் கம்பெனிகளும் இப்போதே எழுத்தில் ஒரு விதியை வைத்துக்கொள்ளலாம். யோசனை கேட்க ஆளும் இருக்கிறார். பிரித்திகா யாஷினி காக்கி போடுவதற்கு முன் சென்னையில் மகளிர் விடுதிக் காப்பாளராக வேலை பார்த்தவர்.