கல்லாச் சாவி யார் கையில்?

வணிகப் பெருமக்களே! இரவு கடையைச் சாத்தும்போது கல்லாச் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டு வருகிறீர்கள்? பத்து வருடம் உடனிருந்த கணக்குப்பிள்ளையிடம்கூடக் கொடுப்பதில்லை. பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்கிறீர்கள். அதே நீங்கள் வீட்டில் பன்னிரண்டு வயது மகனிடம் கம்ப்யூட்டரின் முழுச் சாவியையும் கொடுத்து வைத்திருக்கிறீர்களே, அது தெரியுமா உங்களுக்கு?

2020ல் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடி, பாடம் ஆன்லைனுக்குப் போனபோது அவசர அவசரமாக நம் வீடுகளுக்குள் வந்தவை இந்தப் பெட்டிகள். பல வீடுகளில், கடையில் பில் போட்டுக் கழித்த பழைய பெட்டிதான் பிள்ளையின் மேசைக்குப் போனது. என் வீட்டுக்கு வந்ததும் மச்சான் கடையில் கழித்ததுதான். மிம்பரில் நின்று பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஊருக்கெல்லாம் பேசுகிற நான், பல மாதம் கழித்து ஒரு நாள்தான் அதன் முன் உட்கார்ந்தேன். என் மகன் உள்ளே நுழைவது மச்சானின் கணக்கில்! கொள்முதல் கணக்கு, மெயில், பேங்க் பாஸ்வேர்டு எல்லாம் அப்படியே கிடக்கின்றன. எதையும் ஏற்றலாம், எதையும் அழிக்கலாம். குற்றம் பிள்ளையுடையதா? சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போனது நாங்கள் அல்லவா!

விஷயம் இதுதான். விண்டோஸ் கம்ப்யூட்டரை முதன்முதலில் இயக்கும்போது உருவாகும் கணக்கு 'அட்மினிஸ்ட்ரேட்டர்'. நம் பாஷையில் முதலாளி. 'ஸ்டாண்டர்டு' என்று இன்னொரு வகை உண்டு. அது கடைப் பையன். முதலாளி நாற்காலியில் பிள்ளை உட்கார்ந்திருக்கும் வரை நீங்கள் எந்தப் பூட்டைப் போட்டாலும் அவனே கழற்றிவிடுவான். காசு கொடுத்து வாங்கிய பூட்டானாலும் கதை இதேதான்.

ஆகவே முதல் வேலை, செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸுக்குள் போய், ஃபேமிலி என்ற இடத்தில் பிள்ளைக்குத் தனிக் கணக்குத் திறப்பது. பிறந்த தேதியை உள்ளபடியே போடுங்கள். பெற்றோர் அனுமதி வேண்டுமா என்பதை அது வயதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. வேலை தடையில்லாமல் நடக்கட்டும் என்று வயதைக் கூட்டிப் போட்டால் பாடுபட்டது வீண். பிறகு மைக்ரோசாஃப்டின் 'ஃபேமிலி சேஃப்டி'யில் எத்தனை மணி நேரம், எந்தப் பக்கங்கள் என்று குறிக்கலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. ஒன்றை நினைவில் வையுங்கள்: அதன் வடிகட்டி வேலை செய்வது எட்ஜ் பிரவுசரில். அதை இயக்கினால் மற்ற பிரபலமான பிரவுசர்கள் தடைபடும். "குரோம் திறக்கவில்லை வாப்பா" என்று மகன் வந்து நிற்பான். பழுது என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடாதீர்கள்!

உங்கள் கணக்குக்கு அவனுக்குத் தெரியாத பாஸ்வேர்டு வேண்டும். கடைப் பெயரும் செல் நம்பரும் வேண்டாம். அதை முதலில் கண்டுபிடிப்பவன் அவன்தான்.

வைஃபை பெட்டியிலும் ஒரு பூட்டுப் போடலாம். டிஎன்எஸ் என்பது இணையத்தின் விலாசப் புத்தகம். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020ல் குடும்பங்களுக்காக 1.1.1.3 என்ற இலவச எண்ணைத் தந்தது. அதைப் பெட்டியில் பதித்துவிட்டால், ஆபாசத் தளம் என்று அது அறிந்துவைத்திருக்கும் எதற்கும் விலாசம் கிடைக்காது. அந்த வைஃபையில் இருக்கும் அத்தனை கருவிகளுக்கும் இது பொருந்தும். ஆனால் செல்போன் ஹாட்ஸ்பாட்டைத் திறந்தால் பின்வாசல் வழியாகப் போய்விடலாம். அதனால்தான் கம்ப்யூட்டரிலும் ஒரு பூட்டு வேண்டும் என்கிறேன்.

இளைஞர்களே! இந்த வேலையெல்லாம் உங்களுக்குக் கைவந்த கலை. பெரியவர்களுக்குச் செய்து கொடுங்கள். ஆனால் செய்து முடித்ததும் பாஸ்வேர்டை உம்மாவின் கையாலேயே மாற்ற வையுங்கள். பகலெல்லாம் வீட்டில் இருப்பது அவர்தானே? தம்பி கூடுதலாக ஒரு மணி நேரம் கேட்டால் கொடுப்பதும் மறுப்பதும் அவர் கையில் இருக்கட்டும்.

இன்னொன்றைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். பல வீடுகளில் பூட்டு மகளுக்கு மட்டும்தான். மகன் விடிய விடியத் திரையின் முன்னால் கிடக்கிறான், கேட்பாரில்லை. இது எந்த ஊர் நியாயம்?

வாரா வாரம் பிள்ளை என்ன பார்த்தான் என்ற அறிக்கை உங்கள் மெயிலுக்கு வரும்படி வைக்கலாம். அதை ஒளித்து வைக்காதீர்கள். அடுத்தவர் குறையைத் துருவக்கூடாது என்று பிள்ளைக்கே பாடம் சொல்பவர்கள் நாம். "இதையெல்லாம் நான் பார்ப்பேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். என் மகனிடம் சொன்னபோது அவன் ஒரே கேள்வி கேட்டான்: "உங்கள் போனுக்கு யார் அத்தா நேரம் குறிப்பது?" அன்றிலிருந்து இஷாவுக்குப் பிறகு என் போனும் அலமாரிக்குள் போகிறது.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அந்த வைஃபை பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அதற்குள் நுழையும் பாஸ்வேர்டு பெரும்பாலும் அடியில் ஒட்டிய சீட்டிலேயே அச்சடித்திருக்கும். முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.