ஆறேகால் சென்ட் நிலமும் வாய்மொழிக் குத்தகையும்

காவிரிப் பாசனத்தில் நாற்றுப் பறித்துப் பழகிய கைகள் கடல் கடந்து சென்ற வழி நாகப்பட்டினம் துறைமுகமாகும். 1907இல் மலாயாவில் தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்துத் தமிழர் குடியேற்ற நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது. கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பார். கப்பல் கட்டணத்தை அந்நிதி ஏற்கும். தஞ்சை, திருச்சி மாவட்டங்களின் நிலமற்ற குடும்பங்கள் பல இவ்வாறே பினாங்குக்குக் கப்பலேறின.

ஆளைக் கொண்டு செல்ல இத்தனை ஏற்பாடு செய்தவர்கள், போனவரைக் குடியானவராக நிலைநிறுத்த அக்கறை காட்டவில்லை. நெல்லை அறிந்தவர் பால் மரம் வெட்டப் போனார். பேராக் மாநிலத்தில் கிரியான் பாசனத் திட்டம் 1906இல் நிறைவேறிப் பெரும் நெல்வயல்கள் உருவாயின. அவற்றில் குடியமர்ந்தோர் பெரும்பாலும் மலாய் மக்களும், போர்னியோவிலிருந்து வந்த பஞ்சார் மக்களுமே.

1920களில் வந்த தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் குடும்பத்தோடு வாழ்பவருக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு ஒதுக்கச் சொன்னது. அதாவது ஆறேகால் சென்ட். நம் கணக்கில் ஏறக்குறைய 19 குழி. கீரை, மிளகாய், மரவள்ளி போட அது போதும். ஆனால் வேலை போனால் வீடும் போகும், அந்தக் கொல்லையும் போகும். அத்தகைய மண்ணில் யார் தென்னம்பிள்ளை வைப்பார்? ஆண்டுதோறும் எரு இட்டு மண்ணைத் திருத்துவதும் தென்னையைப் போன்ற நீண்டகால முதலீடே. வெள்ளாமை செய்பவனின் சோம்பல் என்று பேசப்படுவதில் பாதி, உரிமையின்மையே ஆகும்.

வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் மலாயா சென்று, 1937இல் தொழிலாளர் நிலை பற்றி அறிக்கை தந்தார். மறு ஆண்டே, கூலிக் குறைப்பை அடுத்து, உதவி பெற்றுச் செல்லும் குடிபெயர்வை இந்திய அரசு தடை செய்தது. நிலமோ பின்னும் கிட்டவில்லை. 1950களில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது தொழிலாளர் தெருவுக்கு வந்தனர். 1960இல் சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்ட, சங்கம் தோட்டங்களை வாங்கியது. கப்பலேறிச் சென்ற கூலியின் வாரிசு பங்குதாரரானது அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்துத்தான்.

இந்தக் கதை தஞ்சைக்கு அந்நியமன்று. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1971இல் குடியிருப்பு மனைக்கு உரிமை தரும் சட்டமும் வந்தன. மனை சொந்தமான பிறகே பல கொல்லைகளில் மரம் நின்றது. சாகுபடி வயலில் மட்டும் அந்த உறுதி முழுதாக வரவில்லை. குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் 1969ஆம் ஆண்டினது. எனினும் வாய்மொழிக் குத்தகையில் உழுவோர் இன்னும் பலர். அடங்கலில் பெயர் இல்லாதவருக்குப் பயிர்க் கடனும் காப்பீடும் எட்டாக்கனி. அவரிடம் போய்த் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள் என்று சொல்வது எவ்வளவு தூரம் செல்லும்?

பதிவு செய்தால் நிலம் கைக்குத் திரும்பாது என்ற சிறு உடைமையாளரின் அச்சத்தையும் தள்ளிவிட இயலாது. விதவையரும் வெளியூரில் வேலை பார்ப்போரும் அவர்களில் உண்டு. ஆகவே கோயில், மடத்து நிலங்களிலிருந்து தொடங்கலாம். அங்கே இந்த அச்சத்துக்கு இடம் குறைவு. கோடையில் வயல் காய்ந்து கிடக்கும்போது, குறுவைக்கு நாற்றங்கால் விடும் முன்பே, வருவாய்த்துறையும் அறநிலையத்துறையும் சேர்ந்து கிராமத்திலேயே பதிவு முகாம் நடத்தினால், அந்தப் போகத்துக்கே கடன் கைக்கு வரும்.