சும்மா நின்ற படையா?

இரண்டாம் உலகப்போரில் தென்னிந்தியாவில் நிறுத்தப்பட்ட படைகள் தண்டச்சோறு தின்றன, ஜப்பான்காரன் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை என்று பரவைப் பெரியவர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1942 ஏப்ரலில் நடந்ததை அவர் வசதியாக விட்டுவிடுகிறார். 5ஆம் தேதி கொழும்பில் குண்டு, மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா, 9ஆம் தேதி திருகோணமலை. அப்போது மதராஸ் நகரமே பாதி காலியானது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி பெங்களூரில் உருவானதுதான் 25ஆவது இந்தியக் காலாட்படை டிவிஷன். தலைமை மேஜர் ஜெனரல் ஹென்றி டேவிஸ். 51, 53, 74 என மூன்று பிரிகேடுகள். தெற்கில் ஜப்பானியர் இறங்கினால் தடுப்பது முதல் வேலை, கூடவே காட்டுப்போர்ப் பயிற்சி. பெரியவர் ‘சும்மா’ என்பது இந்தப் பயிற்சியைத்தான். மலாயாவிலும் பர்மாவிலும் அது இல்லாமல் போன படைகள் பட்ட பாடு அவருக்குத் தெரியாதா?

1944இல் பர்மாவின் அரக்கான் முனைக்குப் போனது இதே டிவிஷன். 1945 ஜனவரியில் அக்யாப், பிறகு காங்கா. காங்காவில் 51ஆவது பிரிகேடின் மூன்று பட்டாலியன்களையும் நடத்தியவர்கள் இந்தியர்கள்: திம்மையா, தோரட், எல்.பி. சென். தளபதி என்றால் பெரும்பாலும் வெள்ளைக்காரன்தான் என்றிருந்த காலம் அது. திம்மையா 1957இல் ராணுவத் தலைமைத் தளபதியே ஆனார்.

எதிரி வராததால் காவல் வீண் என்பவர், இன்று இரவு தன் வீட்டுக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கட்டும்.