பூட்டு மருந்தாகுமா?

உயிர் இருந்தால் உப்பு விற்றாவது பிழைத்துக்கொள்ளலாம் என்று நம் கிராமத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. கொரோனா வியாதி பரவிய காலத்தில், பள்ளிக்கூடங்களை மறுபடியும் திறக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோதெல்லாம், வீட்டுத் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் பெற்றோரிடம் கருத்துக் கேட்ட கூட்டங்களிலும் இந்தப் பழமொழியின் சாரமே விவாதத்தை முடித்து வைத்தது. படிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் என் பிள்ளை பிழைத்துக் கிடக்கட்டும் என்று ஒரு தாய் சொல்லும்போது, அவளை மறுத்துப் பேச யாருக்குத்தான் மனம் துணியும்? அவளுடைய அச்சத்தில் நான் குற்றம் காணவில்லை. அந்த அச்சத்தின்மீது நம் சமூகமும் சர்க்காரும் சேர்ந்து எழுப்பிக்கொண்ட நம்பிக்கையைத்தான் கண்டிக்கிறேன்: பள்ளிக்கூடத்தைப் பூட்டி வைத்தால் குழந்தைகள் பத்திரமாக இருப்பார்கள், திறப்பது ஒன்றே அபாயம் என்னும் நம்பிக்கை. வியாதியோடு அதுவும் ஒழிந்துபோயிருந்தால் இன்று இதை எழுத வேண்டிய அவசியம் இராது. 2023 மார்ச்சில் புதுச்சேரியில் சளிக்காய்ச்சல் பரவியபோது, எட்டாம் வகுப்பு வரை சுமார் பத்து நாட்களுக்கு விடுமுறை என்று உத்தரவு பிறந்ததைப் படித்தேன். இது நம் சுபாவமாகவே ஊறிவிட்டது என்ற கவலை அன்று என்னைப் பற்றிக்கொண்டது.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. வியாதியின் தன்மை இன்னதென்று தெரியாது. யாரை அது கொல்லும், யாரை விட்டுவிடும் என்பதும் தெரியாது. மருத்துவமனைகள் ஆயத்தமாக இல்லை. தெரியாத இருட்டில் ஓர் அடி பின்வாங்குவது விவேகம். உலகத்தில் 190க்கு மேற்பட்ட நாடுகள் அவ்வாறே செய்தன. ஆனால் சில வாரங்களுக்காகப் பின்வாங்கிய அடியை, இருட்டு ஓரளவு விலகிய பிறகும் முன்னே எடுத்து வைக்க மறுப்பதற்கு விவேகம் என்று பெயரிடலாகாது.

தமிழ்நாட்டில் நடந்ததை வரிசையாக நினைவுபடுத்திக்கொள்வோம். 2020 மே மாதத்திலேயே மதுக்கடைகள் திறந்தன. நவம்பர் 10ஆம் தேதி திரையரங்குகள் திறந்தன. அதே வாரத்தில், நவம்பர் 16 அன்று உயர் வகுப்புகளைத் திறப்பதாக இருந்த ஏற்பாடு, பெற்றோரிடம் கருத்துக் கேட்ட பிறகு கைவிடப்பட்டது. 2021 ஜனவரி 19இல் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும், பிப்ரவரி 8இல் ஒன்பதும் பதினொன்றும் திறந்தன. மார்ச் 22 முதல் ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகளை மறுபடியும் மூடினார்கள். மூடிய இரண்டு வாரங்களில், ஏப்ரல் 6ஆம் தேதி, அதே பள்ளிகளின் அதே வகுப்பறைகளில், மாநிலம் முழுவதும் பிரஜைகள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். தேர்தல் நடக்கக் கூடாதென்று நான் சொல்லவில்லை. ஜனநாயகத்துக்கு அது அவசியம் என்று கருதியபடியால், எப்படியாவது அதைப் பத்திரமாக நடத்துவதற்கு உபாயம் தேடினோம், தூரம் விட்டு வட்டம் போட்டோம், கையுறை கொடுத்தோம், வாக்குச் சாவடிகளின் எண்ணிக்கையைக் கூட்டினோம். அவசியம் என்று மனப்பூர்வமாக நினைத்த காரியத்துக்கெல்லாம் வழி பிறந்தது. கல்வி அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகள் தங்கள் பள்ளி வாசலை மறுபடியும் மிதித்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. பத்தொன்பது மாதங்களுக்கு மேல்!

இத்தனை மாதங்கள் பூட்டி வைத்ததால் அந்தக் குழந்தைகளை வியாதி அண்டாமல் இருந்ததா? இந்தக் கேள்விதான் விஷயத்தின் மையம். இதற்கு விடையும் நம் தேசத்திலேயே கிடைத்தது. 2021 ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடெங்கும் நடத்திய நான்காவது ரத்தப் பரிசோதனை ஆய்வில், ஆறு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளில் 57.2 சதவீதத்தினரிடமும், பத்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்களில் 61.6 சதவீதத்தினரிடமும் அந்த வியாதிக்கான எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் காணப்பட்டது. அந்த வயதினருக்கு அப்போது தடுப்பூசி கிடையாது. ஆகையால் அது தொற்றின் சுவடேயன்றி வேறில்லை. பெரும்பாலான சிறுவர்கள் ஒரு நாள்கூட வகுப்பறைக்குள் நுழையாத அந்தப் பதினைந்து மாதங்களில், பாதிக்கு மேற்பட்டவர்களை வியாதி வீடு தேடி வந்து தொட்டுவிட்டுப் போயிருந்தது. தகப்பனார் சந்தைக்கும் மில்லுக்கும் போய் வந்தார். தாயார் வீட்டு வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போய் வந்தார். ஆறு பேர் ஒரே அறையில் படுத்துறங்கினார்கள். பள்ளியின் வாயிலில் தொங்கிய பூட்டு இவற்றில் எதைத் தடுத்திருக்க முடியும்? பள்ளிகளும் திறந்திருந்தால் இன்னும் அதிகம் பேரைத் தொற்றியிருக்கும் என்று ஒருவர் வாதிக்கலாம். அப்படி இருந்திருக்கவும் கூடும். ஆனால் பூட்டினால் பத்திரம் என்று நாம் கொடுத்த வாக்குறுதி நிறைவேறவில்லை என்பதை அவரும் ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

அந்த ஆய்வின் முடிவுகளை வெளியிட்டபோது, அக்கழகத்தின் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா, பள்ளிகளைத் திறப்பதாயின் ஆரம்பப் பள்ளிகளை முதலில் திறப்பது நலம் என்று சொன்னார். இளங்குழந்தைகளின் தேகம் இந்த வியாதியைப் பெரியவர்களைவிட நன்றாகத் தாங்குகிறது என்பது அவர் காட்டிய நியாயம். டென்மார்க் தேசத்தார் 2020 ஏப்ரல் 15ஆம் தேதியே சிறுகுழந்தைகளின் பள்ளிகளை முதலாவதாகத் திறந்தார்கள். நாமோ பொதுத்தேர்வு எழுதுவோரை முதலிலும், எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியவர்களைக் கடைசியிலும் அழைத்தோம். வியாதியின் கணக்கு ஒன்று, நம் கணக்கு வேறொன்றாக இருந்தது.

இழப்பின் கணக்கையும் பார்க்க வேண்டும். என் தெருவில் ஒரு பையன். பள்ளி மூடியபோது இரண்டாம் வகுப்பு. திறந்தபோது நான்காம் வகுப்பு. இடையிலே மூன்றாம் வகுப்பு அவன் வாழ்க்கையில் நிகழவே இல்லை. அவனுடைய தகப்பனாரிடம் ஒரு கைபேசி உண்டு; அது காலையில் அவருடனேயே வேலைக்குப் போய் இரவில் திரும்பும். பையன் பக்கத்து வீட்டு ஆடுகளை மேய்த்தான். 2021 டிசம்பரில் ஒரு நாள் அவனுடைய பாடப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வித்தியாசம் தெரியாமல், ஒவ்வோர் எழுத்தின் முன்னும் அவன் நின்றான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு புத்தகத்தை மெதுவாக மூடிவிட்டான். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. அவன் ஒருவன் கதை என்று தள்ளிவிடவும் இயலாது. 2021 ஆகஸ்டில் பொருளாதார அறிஞர் ஜான் திரேஸ் முதலானோர், தமிழ்நாடு உட்படப் பதினைந்து மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் எளிய குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 1,400 மாணவர்களிடையே நடத்திய ஆய்வில், கிராமத்துக் குழந்தைகளில் ஒழுங்காக இணைய வழியில் படித்தவர்கள் எட்டே சதவீதம். எதையுமே படிக்காதவர்கள் 37 சதவீதம். சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தார்கள்; அது குழந்தையின் தட்டில் விழுந்ததா, குடும்பத்தின் பானையில் கலந்ததா என்று கேட்கும் உரிமை நமக்கில்லை, ஏனெனில் அந்தக் குடும்பமே பசித்திருந்தது. எத்தனை பெண் குழந்தைகள் படிப்பு நின்றதும் மணவறைக்குப் போனார்கள் என்பதைச் சொல்லவும் எனக்கு நா எழவில்லை. பின்னர், 2021 அக்டோபரில், இல்லம் தேடிக் கல்வி என்று மாலை வகுப்புகளை விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கி, தன்னார்வலர்களைக் கொண்டு ஊர்தோறும் நடத்தியது பாராட்டத்தக்க காரியம். ஆனால் தெருவிலும் கோயில் மண்டபத்திலும் குழந்தைகளைக் கூட்டி உட்காரவைத்துப் பாடம் சொல்ல முடியும் என்றால், அதை 2020இலேயே செய்வதற்கு எது குறுக்கே நின்றது?

எதிர்த்தரப்பில் வலுவான சாட்சியம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. இஸ்ரேல் தேசத்தில் 2020 மே மத்தியில் பள்ளிகளை முழுமையாகத் திறந்தார்கள். பத்து நாட்களுக்குள் எருசலேமில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வியாதி தோன்றி, 153 மாணவர்களையும் 25 ஊழியர்களையும் பற்றிக்கொண்டது. திறந்தால் இதுதான் நடக்கும் என்று உலகமெல்லாம் இதை எடுத்துக்காட்டினார்கள். அங்கே நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்த்தால் பாடம் வேறாக இருக்கிறது. அந்த வாரத்தில் கடும் வெயில் அடித்தது; வெயிலை முன்னிட்டு முகக்கவசம் வேண்டாமென்று விலக்கு அளித்தார்கள்; முப்பத்தைந்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஒவ்வொரு வகுப்பிலும் அடைத்துக் குளிர்சாதன இயந்திரத்தை நாள் முழுவதும் ஓடவிட்டார்கள். ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்கும்படி காற்று அறைக்குள்ளேயே சுழன்றது. திறந்ததனால் வந்த கேடென்று சொல்வதைவிட, எதை மூடி எதைத் திறப்பது என்று அறியாமல் திறந்ததனால் வந்த கேடென்று சொல்வதே பொருந்தும்.

இங்கேதான் நம் நம்பிக்கை செய்த பெரும் தீங்கு வெளிப்படுகிறது. பூட்டு ஒன்றே பாதுகாப்பு என்று தீர்மானித்துவிட்டபடியால், பள்ளியை எவ்வாறு பத்திரமாக்குவது என்ற கேள்வியைக் கேட்கும் சிரமத்திலிருந்தே நாம் விடுதலை பெற்றுவிட்டோம். கடைசியில் திறக்க நேர்ந்தபோது கையில் இருந்தவை நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானியும், பெஞ்சுகளின்மேல் தெளிக்கும் கிருமிநாசினியும்தான். கை கழுவுவது எக்காலத்துக்கும் நல்லது. குழாயில் தண்ணீர் வராத பள்ளிகளுக்கு அதுவும் எட்டாத நன்மை. எனினும் இந்த வியாதி பிரதானமாகச் சுவாசத்தின் வழியாக, காற்றில் மிதக்கும் நுண்ணிய துளிகளில் பரவுகிறது என்பது 2021க்குள் தெளிவாகிவிட்டது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இந்த அறைக்குள் காற்று வருகிறதா, போகிறதா என்பதே. எத்தனை பள்ளிகளில் அதிகாரிகள் சன்னல்களை எண்ணினார்கள்? நான் போய்ப் பார்த்த ஒரு பள்ளியில், வாசலில் காய்ச்சலைச் சோதிக்க இரண்டு பேர் சிரத்தையோடு நின்றார்கள்; உள்ளே வகுப்பறையின் மேற்குச் சன்னல்கள் மூன்றும், சாலையின் புழுதிக்கு அஞ்சி எப்போதோ ஆணி அடித்து மூடப்பட்டபடியே இருந்தன.

இத்தனைக்கும் திறந்தவெளிப் படிப்பு நமக்கு அந்நியமான யோசனையா? நம் பாட்டனார்கள் மணலில் விரலால் எழுதிப் படித்தது திண்ணைப் பள்ளிக்கூடங்களில். தாகூர் சாந்திநிகேதனத்தில் பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைத்தார். குளிர் நாடுகளே காசநோய்க்கு அஞ்சி இவ்வழிக்கு வந்தன: 1904இல் பெர்லினை அடுத்த சார்லட்டன்பர்க்கில் காட்டுக்குள் பள்ளி வைத்தார்கள், 1908இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில், பனிக்காலத்திலும் சன்னல்களை விரியத் திறந்துவைத்து, குழந்தைகளைக் கம்பளிப் பைகளுக்குள் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். 1918இல் இன்புளுயன்சா உலகத்தைச் சூறையாடியபோது, நியூயார்க் நகரத்தின் சுகாதார ஆணையர் ராயல் கோப்லாண்ட் பள்ளிகளை மூட மறுத்தார். நகரத்தின் பத்து லட்சம் மாணவர்களில் சுமார் ஏழரை லட்சம் பேர் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்கிறவர்கள். அந்த இருட்டு அறைகளைவிடக் காற்றோட்டமுள்ள பள்ளியும், தினந்தோறும் பிள்ளைகளைப் பார்வையிடும் வைத்தியரும் தாதியுமே அவர்களுக்கு நல்ல பாதுகாப்பு என்பது அவர் கொள்கை. அவருக்கு அந்தத் துணிவைத் தந்தது, அதற்கு முன்பே நகரத்தில் வேரூன்றியிருந்த பள்ளி மருத்துவ ஏற்பாடு. தினந்தோறும் பார்வையிடும் அத்தகைய ஏற்பாட்டை நாம் இன்று வரை கட்டவில்லை.

ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க இயலாது. குழந்தைக்கு இந்த வியாதி இலேசாக இருந்தாலும், ஐம்பது பிராயத்தைக் கடந்த, நீரிழிவும் ரத்த அழுத்தமும் உள்ள உபாத்தியாயருக்கு அது இலேசானதன்று. அவர்கள் பயந்ததில் முழு நியாயம் இருந்தது. அந்தப் பயத்துக்குப் பரிகாரம் தடுப்பூசி. ஆசிரியர்களை முன்னுரிமைப் பட்டியலில் சேர்க்க வேண்டுமென்று யுனிசெப் 2020 டிசம்பரிலேயே உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டது. நம் தேசத்தில் தடுப்பூசி 2021 ஜனவரி 16இல் தொடங்கியது. முன்களப் பணியாளர் வரிசையில் காவலர்கள் இருந்தார்கள், துப்புரவுத் தொழிலாளர்கள் இருந்தார்கள், அது மிகவும் சரியே. ஆனால் ஆசிரியர்கள் என்ற வகுப்புக்கு அங்கே இடமில்லை. செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்துக்குள் எல்லா ஆசிரியர்களுக்கும் தடுப்பூசி போட்டு முடியுங்கள் என்று மத்திய சர்க்கார் மாநிலங்களைக் கேட்டது ஆகஸ்ட் கடைசியில். அதற்கு முன், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த ஏப்ரலில், உத்தரப் பிரதேசத்தில் பஞ்சாயத்துத் தேர்தல் வேலைக்கு அனுப்பப்பட்ட ஆசிரியர்கள் பலர் உயிரிழந்ததாக அவர்களுடைய சங்கம் நீண்ட பட்டியல் கொடுத்தது. எண்ணிக்கையை அரசாங்கம் மறுத்தது. பாடம் நடத்த வேண்டாமென்று காத்த உயிர்களை வாக்குப்பெட்டிக்கு அருகே நிறுத்தினோம்.

ஆகையால் நான் கேட்பது சொற்பமானது, ஆனால் எழுத்தில் வேண்டும். அடுத்த முறை எந்த வியாதி வந்தாலும், பள்ளியை மூடும் உத்தரவின் முதல் பக்கத்திலேயே திறக்கும் தேதியும் எழுதப்பட வேண்டும். அந்தத் தேதிக்குள் எந்தச் சன்னலைத் திறப்பது, எந்த மரத்தடியைச் சுத்தம் செய்வது, எந்த ஆசிரியருக்கு முதலில் ஊசி போடுவது, எந்த வகுப்பு எந்த நாளில் வருவது என்பதற்குப் பொறுப்பாளர் பெயரோடு பட்டியல் இணைக்கப்பட வேண்டும். முதலில் வருவது ஒன்றாம் வகுப்பாக இருக்க வேண்டும். என் தெருவின் அந்தப் பையன் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். சத்தமாகப் படிக்கச் சொன்னால் இன்னமும் தயங்குகிறான்.