பூட்டுப் பட்டறையும் மருத்துவக் கருவியும்



சென்ற மாதம் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின், நம் ஊர்ப் பூட்டுத் தொழிலாளர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வந்தார். "சாமி, பையனுக்கு அரசாங்க மானியம் வரப்போகிறது. தங்கள் கையால் ஒரு நன்னடத்தைச் சான்று வேண்டும்" என்றார்.

மகன் பொறியியல் படித்தவன். தாய் மருத்துவமனையில் கிடந்த இரவுகளில், குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்தும் அதைக் கவனிக்க ஆளில்லாமல் போனதைக் கண்ணால் கண்டவன். பாட்டிலின் எடை ஓர் அளவுக்குக் குறைந்ததும் மணியடிக்கும் சிறு கருவி ஒன்றைத் தந்தையின் பட்டறையிலேயே செய்திருக்கிறான். மின்சாரம் வேண்டாம், பாட்டரி வேண்டாம். பூட்டுக்குள் வைக்கும் ஸ்பிரிங்கின் விசைதான் அதற்கு உயிர். மூன்று முறை செய்தான். மூன்று முறையும் பிசகிற்று. அதற்குள் தங்கையின் திருமணத்துக்கென்று வைத்திருந்த நகை அடகுக்கடைக்குப் போய்விட்டது. இப்போது மானியம் வாங்கித் தருவதாக ஒரு தரகர் முன்பணம் கேட்கிறார். மிஞ்சியிருக்கும் சங்கிலியை அதற்காக வைப்பதென்று தீர்மானமாகியிருந்தது.

நான் சான்று எழுதவில்லை. சங்கிலியை வீட்டிலேயே வைத்துவிட்டு அடுத்த வாரம் வருமாறு சொன்னேன். பெரியவரின் முகம் வாடிற்று. அந்த ஒரு வாரத்தில் விவரம் அறிந்தவர்களைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறேன். இதே நிலையில் வேறு வீடுகளும் இருக்கக்கூடும்.

விற்பனைக்கு வந்துவிட்ட பொருளை நம்பி வங்கி கடன் கொடுக்கும். இன்னும் உருவாகாத பொருளுக்கு எதை ஈடாகக் கொள்வது? அதிலும் மருத்துவக் கருவி என்றால், சோதித்துச் சோதித்துத் தோற்ற பிறகே தேறும். திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தானும் அவருடைய குழுவினரும் செயற்கை இருதய வால்வு செய்ய முற்பட்டபோது முதல் மூன்று வடிவங்களும் தவறின. நீலக்கல் தகடுகூட வைத்துப் பார்த்தார்கள். நான்காவது வடிவமே 1990 டிசம்பரில் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் டிடிகே நிறுவனம் அதைத் தயாரித்தது. இன்று அது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் நெஞ்சில் இயங்கியிருக்கிறது. அந்த மூன்று தோல்விகளுக்கும் செலவு செய்தது அரசு நிலையம். தனியொரு குடும்பமாயிருந்தால் இரண்டாவது வால்விலேயே வீடு ஏலத்துக்குப் போயிருக்கும்.

அமெரிக்கர் இதற்கு 1982-இல் ஒரு சட்டமே இயற்றினார்கள். பெரிய ஆராய்ச்சி நிதியுள்ள அரசுத் துறைகள் அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கென ஒதுக்க வேண்டும் என்பது அதன் விதி. நம் நாட்டில் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2005-இல் சிறு தொழில்களுக்கான ஆராய்ச்சி உதவித் திட்டத்தைத் தொடங்கிற்று. 2012-இல் அத்துறையின் கீழ் 'பைராக்' என்னும் அமைப்பு ஏற்பட்டது. அது வழங்கும் 'பயோடெக்னாலஜி இக்னிஷன் கிராண்ட்' நம் பையனைப் போன்றோருக்கானது. புதிய எண்ணம் ஒன்று நடைமுறைக்கு ஒத்துவருமா என்று செய்து காட்ட, 18 மாதங்களில் 50 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். விண்ணப்பம் இணையவழியில் நேரே போவது. தரகருக்கு அங்கே வேலை கிடையாது. என் நன்னடத்தைச் சான்றையும் யாரும் கேட்கப்போவதில்லை!

ஆனால் இது தருமப் பணம் அன்று. இதில் என்ன புதுமை என்று நிபுணர் குழு குடைந்து கேட்கும். பாட்டில் தீர்வதை அறிவிக்கும் மின்கருவிகள் ஏற்கெனவே உலகில் உள்ளவைதாம். மின்சாரமின்றி இயங்குவது புதுமையா, அதையும் எவரேனும் முன்பே செய்து காப்புரிமை பெற்றிருக்கிறார்களா என்று இவனே தேடிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பலர் விண்ணப்பிக்க, சிலரே தேறுவர். தேறினாலும் பணம் மொத்தமாக வராது. சொன்ன வேலை நடக்க நடக்கத் தவணையாக வரும், கணக்குக் காட்ட வேண்டும். அதன் பின்னும் 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின்படி உரிமம் பெறாமல் எதையும் விற்க முடியாது.

பெரியவரிடம் சொல்லக் கடினமாயிருந்தது வேறொன்று. மானியம் இனிச் செய்யப்போகும் வேலைக்குத்தான். முன்பே செலவழித்ததை அது திருப்பித் தராது. நகையை மீட்க அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட எடுக்கக்கூடாது. முதல் ஸ்பிரிங்கை வளைப்பதற்கு முன்பே இதையெல்லாம் விசாரித்திருந்தால் மகளின் வளையல்கள் வீட்டில் இருந்திருக்கும். "எங்களுக்கு யார் சாமி இதையெல்லாம் சொன்னார்கள்?" என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. பள்ளியும் கல்லூரியும் நடத்துகிற நாமும் சொல்லவில்லையே.

நம் திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பெயர் கிடைத்ததே தவிர, பட்டறைகள் பெருகிவிடவில்லை. ஆயினும் பித்தளையை அராவி மயிரிழை அளவுக்குப் பொருத்தும் கைகள் இன்னும் இங்கே இருக்கின்றன. பக்கத்து மதுரையில் 1992 முதல் ஆரோலேப் கண்ணுக்குள் வைக்கும் வில்லைகளைச் செய்துவருவதை நினைத்தால், நம் பட்டறைகளுக்கு மருத்துவக் கருவி எட்டாத பொருள் என்று எனக்குத் தோன்றவில்லை.

தரகருக்குப் பணம் போகவில்லை. தம்பி இப்போது மாலைதோறும் நம் பள்ளிக் கணினி அறையில் அமர்ந்து பழைய காப்புரிமைகளைத் தேடுகிறான். அடகு வட்டிக்குரிய தவணை தை மாதத்தில் வருகிறது. அதற்குள் மானியம் வராது என்பதை அவர்களும் அறிவார்கள், நானும் அறிவேன். பிசகிப்போன மூன்று ஸ்பிரிங்குகளையும் பழைய இரும்போடு போட்டுவிடாமல், எது எந்த எடையில் தவறிற்று என்று சீட்டெழுதி ஒரு டப்பாவில் வைக்கும்படி சொல்லியிருக்கிறேன். குழுவின் முன் அவன் எடுத்து வைப்பதற்கு இப்போதைக்கு அவைதாம் இருக்கின்றன.