தலையெழுத்தும் யந்திரத் தீர்ப்பும்

நமது திருமலைராயன்பட்டினத்தைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. காளமேகப் புலவர் இவ்வூர் அரசன் சபையில் தமக்கு மரியாதை நடக்கவில்லை என்று கோபங்கொண்டு வசை பாடினாராம். உடனே மண்மாரி பெய்து ஊர் அழிந்துவிட்டதாம். கடற்கரை ஊரில் காற்றடித்தால் மணல் பறக்கும், புயலடித்தால் மேடு போடும் என்பது மீன் பிடிக்கப் போகும் சிறுவனுக்குக்கூடத் தெரியும். என்றாலும், புலவன் வாய்ச்சொல்லால்தான் அழிந்தது என்று சொன்னால்தான் நம்மவர்களுக்குத் திருப்தி. ஏனெனில் சாபம் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் காரணம் தேடவும் வேண்டியதில்லை, கரை போடவும் வேண்டியதில்லை.

இக்கதையை இப்பொழுது எடுக்க நேர்ந்ததற்கு ஒரு சங்கதி உண்டு. சென்ற மாதம் இவ்வூர்த் தோழர் ஒருவர் நம்மிடம் வந்தார். அவர் மகன் ஐ.டி.ஐ.யில் பிட்டர் வேலை படித்துத் தேறியவன். ஒரு தொழிற்சாலைக்குக் கைபேசி வழியாக மனுப் போட்டான். சில நிமிஷங்களுக்குள், தகுதியில்லை என்று இங்கிலீஷில் பதில் வந்துவிட்டது. ஏன் என்று கேட்க எதிரில் ஆள் இல்லை. மனுக்களைச் சலிப்பது செயற்கை நுண்ணறிவு யந்திரமாம். "கம்ப்யூட்டர் தள்ளிவிட்டது" என்றான் மகன். "எல்லாம் அவன் தலையெழுத்து" என்றார் தகப்பனார்.

தோழர்களே! பிரம்மா எழுதிய தலையெழுத்தை யாரும் கண்டதில்லை. ஆனால் இந்த யந்திரத்தின் எழுத்தை எழுதியவர்களுக்கோ பெயரும் உண்டு, விலாசமும் உண்டு, சம்பளமும் உண்டு.

அவர்களில் ஒரு சாராரைக் காணவேண்டுமானால் அமெரிக்காவுக்குப் போகவேண்டாம். பக்கத்துத் திருவாரூர் ஜில்லாவிலுள்ள கொல்லுமாங்குடிக்குப் போனால் போதும். சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த தேசிக்ரூ என்னும் கம்பெனி, சுமார் இருபது வருஷங்களாகக் கிராமத்துப் பிள்ளைகளைக் கொண்டே கம்ப்யூட்டர் வேலை நடத்தி வருகிறது. அவ்வேலைகளில் ஒன்று, யந்திரத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது. அதாவது, ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்து, இது மனிதன், இது வண்டி என்று ஒவ்வொன்றுக்கும் குறி போட்டுக் கொடுப்பது. துணியில் விழுந்த ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும் காமிராவும், மோட்டாரின் அதிர்ச்சியைக் கணக்கிட்டு பேரிங் தேய்ந்ததை முன்னரே சொல்லும் கருவியும் இம்மாதிரி முன் அனுபவங்களைத் தின்றுதான் புத்தி பெறுகின்றன. இதில் தெய்வீகம் எங்கே இருக்கிறது? ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனம் பூசிப் பூசணிக்காய் உடைக்கும் மேதாவிகள்தான் சொல்லவேண்டும்.

சொல்லிக் கொடுத்தது யோக்கியமாயிருந்தால் யந்திரமும் யோக்கியமாயிருக்கும், இல்லாவிட்டால் இராது. அமேசான் கம்பெனியார் வேலை மனுக்களைத் தரம் பிரிக்க ஒரு யந்திரம் செய்தார்கள். அதற்குப் பாடமாகக் கொடுத்தது பத்து வருஷத்துப் பழைய மனுக்கள். அவற்றில் பெரும்பாலும் ஆண்களே இருந்தபடியால், பெண் என்று தெரிந்த மனுக்களுக்கு அது மதிப்பைக் குறைத்தது. திருத்திப் பார்த்தும் நம்பிக்கை வராமல் அதைக் கைவிட்ட செய்தி 2018ல் வெளிவந்தது. 2023ல், பேசும் யந்திரங்களிடம் நம் நாட்டு ஜாதிப் பழிச்சொற்களைக் கொடுத்துச் சோதித்த ஆராய்ச்சியாளர்கள், அவை அப்பழிகளையே திருப்பிச் சொல்லும் குணமுடையவை என்று கண்டார்கள். மனுவின் ஏட்டையாவது நாம் கையில் எடுத்துக் காட்டிக் கண்டிக்க முடிந்தது. யந்திரத்தின் வயிற்றுக்குள் மனு குடியேறிவிட்டால் யாரிடம் போய்க் காட்டுவது?

இதைக்கொண்டு நாம் யந்திரத்துக்கு விரோதிகள் என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். ராட்டினத்துக்குத் திரும்புங்கள் என்றவர்களையே பரிகசித்த கூட்டத்தார் நாம். மனிதனின் முதுகு ஒடியும் வேலையை யந்திரம் ஏற்குமானால் அதைவிட வேறென்ன வேண்டும்? நம் குறையெல்லாம், அது பெரிய முதலாளிக்கு வேலைக்காரனாகவும், சின்னப் பட்டறைக்காரனுக்கு எட்டாக்கனியாகவும், தொழிலாளிக்கு எஜமானனாகவும் வருகிறதே என்பதுதான். 2024 மார்ச்சில் மத்திய சர்க்கார் இந்தச் செயற்கை அறிவுக்கென்று சுமார் 10,372 கோடி ரூபாயில் திட்டம் வகுத்தார்கள்; கணக்குப் போடும் பெரிய யந்திரங்களைக் குறைந்த வாடகைக்குக் கொடுப்பது அதில் ஒரு பாகம். நல்லதுதான். ஆனால் காரைக்கால் ரோட்டில் ஒரு லேத்து வைத்துப் பிழைப்பவர் அதற்கு எந்தப் பாஷையில், எந்த வாசலில் போய் நிற்பது? நாட்டுப் பாஷைகளுக்காக 2022ல் பாஷினி என்று ஒன்றைத் துவக்கினார்களே, அதைப் பட்டறை வாசலுக்குக் கொண்டுவந்தால் என்ன?

பொறுப்பைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். தமிழ்நாட்டு சர்க்கார் 2020ல் இதற்கென ஒரு கொள்கை வெளியிட்டு, சர்க்கார் உபயோகிக்கும் யந்திரங்களைப் பாரபட்சம் உண்டா என்று பரீக்ஷை செய்யவேண்டும் என்றார்கள். தொழிற்சாலைக்காரன் வைத்திருக்கும் யந்திரத்தை அது தொடவில்லை. ஐரோப்பியர்கள் 2024ல் செய்த சட்டமோ, ஆள் பொறுக்கும் யந்திரங்களையும் தொழிலாளியை மேய்க்கும் யந்திரங்களையும் அதிக ஆபத்துள்ளவை என்று வகுத்தது. முகத்தைப் பார்த்துத் தொழிலாளியின் மனதை அளக்கும் வித்தையை, வைத்தியம், பாதுகாப்புக் காரியங்கள் தவிர, வேலை ஸ்தலத்தில் கூடாதென்று தடுத்தும் விட்டது.

நம் கையிலும் ஒரு பிடி இல்லாமலில்லை. ஆட்குறைப்புக்கு இடம் கொடுக்கக்கூடிய புது யந்திரமோ முறையோ கொண்டுவருவதானால், முதலாளி 21 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்கவேண்டும் என்பது 1947ம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்தில் கண்டது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதுச் சட்டத்திலும் அது இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் யந்திரமானாலும், கண்ணுக்குத் தெரியாத கணக்கானாலும் முறை முறைதானே? ஆனால் கேட்டு வாங்குகிற சங்கம் வேண்டும். 1936 ஜூலை 30ந் தேதி புதுச்சேரி சவானா மில் வாசலில் பிரெஞ்சுப் போலீசார் சுட்டு 12 தொழிலாளர்கள் செத்தார்கள். மறு வருஷம் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. நமது காரைக்காலும் அன்று அதே கொடியின் கீழ்தான் இருந்தது. அந்தச் சட்டம் யாருடைய தலையெழுத்திலும் எழுதியிருக்கவில்லை.

நிற்க, அந்தப் பிட்டர் பையன் நமது ஆபீசில் உட்கார்ந்து அத்தொழிற்சாலைக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறான். என் மனுவைத் தள்ளியது எந்தக் காரணத்தால், அந்தக் காரணத்துக்குப் பொறுப்பான மனிதர் யார் என்ற இரண்டே கேள்விகள். பதில் வந்தால் அதையும், வராவிட்டால் எத்தனை நாளாக வரவில்லை என்பதையும் இப்பத்திரிகையில் வெளியிடுவோம். இம்மாதிரி பதில் பெற்ற மற்றத் தோழர்களும் நமக்கு எழுதலாம்.