யாருடைய அறை வெப்பநிலை?

கரியாஹாட் சந்திப்பில் நாற்புறமும் புடவைக் கடைகள். அங்கு விற்கும் பருத்திப் புடவைக்கு ஊட்டிய சாயம் முழுவதும் நூலில் தங்குவதில்லை. ஒரு பங்கு சாயப்பட்டறையின் கழிவுநீரோடு வெளியேறிவிடுகிறது. அப்பங்கைத் தம் பரப்பில் கவர்ந்துகொள்ளும் நானோபொருள்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு கிராம் பொருள் இத்தனை மில்லிகிராம் சாயத்தைக் கவர்கிறது என்ற எண், அவற்றில் கொட்டை எழுத்தில் நிற்கிறது. அப்பொருள் எவ்வாறு உருவானது என்ற பகுதியோ பூசி மெழுகப்படுகிறது.

"அறை வெப்பநிலையில் தயாரிக்கப்பட்டது", "ஓரிரவு கலக்கப்பட்டது", "நன்கு கழுவப்பட்டது" என்பன வழக்கமான தொடர்கள். செயப்பாட்டு வினை செய்தவரை மறைப்பது இலக்கணம் தந்த உரிமை. செய்த சூழலையும் சேர்த்து மறைக்க எந்த இலக்கணமும் இடம் தரவில்லை. கொல்கத்தாவில் சனவரி விடியல் 14 டிகிரியை ஒட்டி இறங்கும். மே நண்பகல் 36 டிகிரியைத் தாண்டும். இவற்றுள் எது அறை வெப்பநிலை?

இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. காந்த இரும்பு ஆக்சைடைத் தயாரிக்க இருவகை இரும்பு உப்புகளை 1:2 விகிதத்தில் கலந்து காரம் சேர்ப்பர். காரம் சேரும் வேகமும் வெப்பமும் துகளின் அளவை மாற்றும். காற்றுப் புகுந்தால் சேர்மமே மாறக்கூடும். மக்னீசியமும் அலுமினியமும் கொண்ட ஹைட்ரோடால்சைட் இன்னும் வியப்புக்குரியது. அதை 450 முதல் 500 டிகிரி வரை சுட்டால் அதன் அடுக்குகள் குலையும். நீரிலிட்டால் மீண்டும் அடுக்காகும்போது எதிர்மின் சாயத்தை உள்ளிழுத்துக்கொள்ளும். 900 டிகிரியை நெருங்கச் சுட்டால் அந்நினைவாற்றல் அழிந்துவிடும். பொருளின் பெயர் ஒன்றே, சூளைதான் வேறு.

சோதனை நீரும் இதே கதைதான். 1876இல் ஹைன்ரிச் காரோ உருவாக்கிய மெத்திலீன் நீலமே பெரும்பாலான சோதனைகளின் சாயம். அது நேர்மின் கொண்டது. காய்ச்சி வடித்த நீரில் கரைக்கப்படுவது. பருத்திக்கு இன்று பெரிதும் பயன்படும் வினைச்சாயங்களோ எதிர்மின் கொண்டவை. சாயத்தொட்டியில் லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பும் சோடா சாம்பலும் கலந்திருக்கும். அச்சாம்பலின் கார்பனேட்டையே ஹைட்ரோடால்சைட் மிகவும் விரும்பும் என்பதால் சாயத்துக்கு இடம் குறையும். காய்ச்சி வடித்த நீரில் பெற்ற எண், இந்நீரில் செல்லாக்காசு.

புடவைக்கும் பனியனுக்கும் சாயச்சிக்கல் ஒன்றே என்பதால் திருப்பூரையும் நினைக்கவேண்டும். நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமானது. 2011 சனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அங்கு வயலைக் கெடுத்ததில் நிறத்தைவிட உப்புக்கே பங்கு அதிகம். நிறம் நீங்கிய நீரும் உப்புநீரே. இவ்வரம்பைக் கூறாமல் "கழிவுநீருக்குத் தீர்வு" என்று கட்டுரையை முடிப்பது பொறுப்பின்மை.

சுட்ட வெப்பம், சுட்ட நேரம், காரம் சேர்த்த வேகம், கலவையின் pH ஆகியவை எண்ணாக இல்லாத கட்டுரையை மதிப்பீட்டாளர்கள் திருப்பி அனுப்பவேண்டும். பட்டறையின் உண்மையான கழிவுநீரில் ஒரு குடுவையேனும் சோதிக்கக் கேட்கவேண்டும். அப்போது எண் பெரும்பாலும் சிறுத்துவிடும். அந்தச் சிறிய எண்ணையே தலைப்பில் இடட்டும்.